சிவப்புக் கட்டம்

வடக்குப்பட்டில் பரசுராமன் வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு போர்டு மாட்டியிருந்தது. சாமி படத்தைவிடப் பெரியது. இரும்புத் தகட்டில் வெள்ளைப் பெயின்ட் அடித்து, வாரத்துக்கு ஏழு கட்டம் கோடு கிழித்து, மேலே ‘சுபஸ்ரீ, ஒன்றாம் வகுப்பு’ என்று எழுதியிருந்தான். கட்டங்களில் ஒட்டிவைக்க மூன்று நிறத்தில் காந்த வில்லைகள். பிள்ளை அன்றைக்கு ஒழுங்காக இருந்தால் பச்சை. சின்னத் தப்பு என்றால் மஞ்சள். பாயை நனைத்தாலோ, தங்கச்சியைக் கிள்ளினாலோ, அடம்பிடித்து அழுதாலோ சிவப்பு. சிவப்பு வாங்கிய நாளில் போர்டுக்கு நேர் கீழே, தரையில் சிவப்பு டேப் ஒட்டிய கட்டத்துக்குள் பத்து நிமிஷம் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். அந்த டேப்பும் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில் ஒட்டுகிற டேப்தான்.

இதைக் கேட்டு பரசுராமனை ஒரு கொடுமைக்கார அப்பன் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் குடிக்கமாட்டான். சம்பளக் கவரைப் பிரிக்காமல் பெண்டாட்டி கையில் கொடுக்கிற காலத்தில் பிறந்திருந்தால் அப்படியே கொடுத்திருப்பான். பிள்ளைமேல் இதுவரை ஒரு அடி வைத்ததில்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமையும் உண்டு. “எங்கப்பா என்னை பெல்ட்டால அடிச்சாரு, நான் அது மாதிரி இல்ல” என்று வண்டியில் பக்கத்து சீட்டுக்காரனிடம் சொல்லிக்கொண்டு வருவான். அடிக்காமல் பிள்ளை வளர்க்க வழி கண்டுபிடித்துவிட்டதாக முழுசாக நம்பினான். கெட்டவன் தப்பு செய்தால் ஊரே தடுக்க வரும். நல்லவன் செய்தால் பக்கத்தில் நின்று பாராட்டும், அதுதான் தொல்லை.

ஒரகடத்தில் லாரிகளுக்கு பிரேக் டிரம் செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை. இப்போது குவாலிட்டி சூப்பர்வைசர். அந்த இரும்பு டிரம்மை விரலால் ஒரு சுற்று தடவினாலே எங்கே வெடிப்பு, எங்கே காற்றுக் குமிழி என்று சொல்லிவிடுவான். குறை இருந்தால் சிவப்பு அட்டை ஒன்றைக் கம்பியில் கோத்துக் கட்டி, சிவப்புக் கோடு போட்ட இடத்துக்கு அனுப்பிவைப்பான். அதோடும் விடமாட்டான், ‘ஒய்-ஒய்’ போடுவான். அதாவது, குறை ஏன் வந்தது என்று கேட்பது. வருகிற பதிலைப் பிடித்துக்கொண்டு அது ஏன் என்று மறுபடி கேட்பது. இப்படி ஐந்து தடவை. டிரம் ஏன் வெடித்தது? மணல் அச்சில் ஈரம். ஏன் ஈரம்? மணல் காயவில்லை. ஏன் காயவில்லை? இப்படியே போனால் ஐந்தாவது ‘ஏன்’ கேட்கும்போது ஆணிவேர் கையில் வந்துவிடும் என்பது கம்பெனி வேதம். “ஆபரேட்டர திட்றதுல ஒண்ணும் இல்லபா. ஏன்னு கேளு. கேட்டுக்கினே இரு” என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவனேதான் வகுப்பு எடுப்பான்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். சுபஸ்ரீக்கு ஆறு வயது முடிகிற சமயத்தில் தங்கச்சி பிறந்தாள். அதுவரைக்கும் அப்பாவின் தோளைவிட்டு இறங்காத பிள்ளை அவள். அவன் வேலைவிட்டு வருகிற நேரத்துக்குத் தெருமுனையில் நிற்பாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தூக்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். சின்னது வந்த பிறகு, வீட்டுக்குள் வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு நேரே தொட்டிலுக்குப் போனான். பெரியவள்தான் வளர்ந்துவிட்டாளே, அவளை எதற்குத் தூக்குவது?

இரண்டாவது மாதம் சுபஸ்ரீ பாயை நனைக்க ஆரம்பித்தாள். மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம் அது. பிறகு சோறு ஊட்டிவிடச் சொன்னாள். சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவள் மழலை பேசினாள். தொட்டிலில் கிடந்த தங்கச்சியின் தொடையில் இரண்டு விரலால் கிள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

“கொஞ்ச நாள்ல சரியாப் பூடுங்க. சின்னப் புள்ளதான” என்றாள் அவன் மனைவி சசிகலா.

“சரியாப் பூடும்னு வுட்டா லைன்ல ஒரு பீஸ் கூட சரியாவாது” என்றான் பரசுராமன். அந்த ஞாயிற்றுக்கிழமையே போர்டு சுவருக்கு ஏறியது.

முதல் வாரம் நான்கு சிவப்பு. இரண்டாவது வாரம் மூன்று. ஐந்தாவது வாரம் ஏழு நாளும் பச்சை. அவன் கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தான். கோடு அழகாகக் கீழே இறங்கியது. சுபஸ்ரீ இப்போது அடம்பிடிப்பதில்லை, அழுவதில்லை, தெருமுனைக்கு வருவதுமில்லை. சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் எழுந்து போர்டைத்தான் பார்ப்பாள். பச்சை வைத்தால் ஒரு சாக்லேட் கொடுப்பான். அவள் வாங்கிக்கொண்டு, “தேங்க்ஸ்ப்பா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். பிள்ளைக்கு எவ்வளவு பக்குவம் வந்துவிட்டது என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

பள்ளிக்கூடத்தில் ஷெர்லின் மிஸ் அவனை ஒருநாள் வரச்சொன்னாள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோகும் இளம் டீச்சர். சுபஸ்ரீயின் நோட்டை விரித்துக் காட்டினாள். ரப்பரால் அழித்து அழித்துப் பக்கம் பக்கமாக ஓட்டை விழுந்திருந்தது.

“ஒரு எழுத்து தப்பாப் போனாகூட நோட்ட மூடி அதுமேல ஏறி உக்காந்துக்கிறா சார். நான் பாக்கக்கூடாதாம். கேள்வி கேட்டா பதில் தெரிஞ்சாலும் சொல்றதில்ல. முன்னாடி அப்படி இல்லையே, வீட்ல எதாவது மாறியிருக்கா?”

மாறித்தான் இருக்கிறது என்று பரசுராமன் உற்சாகமாகப் போனை எடுத்துப் போர்டின் படத்தைக் காட்டினான். கிராஃபையும் காட்டினான். ஷெர்லின் மிஸ் படத்தைப் பெரிதாக்கிச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பச்சை விழுந்த அன்னிக்கு அவ உங்ககிட்ட என்ன பேசுவா சார்?”

“பேசறதுக்கு இன்னா கீது மிஸ்? பச்ச வந்தா சாக்லேட் குடுத்துடுவேன்.”

டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தப் போர்டை வைத்துக்கொண்டு பிள்ளையை உற்றுப் பார்க்காமல் விட்டுவிட வேண்டாம் என்று தயங்கித் தயங்கி ஏதோ சொன்னாள். பாவம், சின்னப் பெண், இந்த மாதிரி சிஸ்டம் எல்லாம் பார்த்திருக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே பரசுராமன் பைக்கை எடுத்தான்.

கம்பெனியில் அவனை மெச்ச ஆள் இருந்தது. பிப்ரவரியில் ஃபேமிலி டே. அந்த வருஷம் ‘கம்பெனி ஒழுங்கு வீட்டிலும்’ என்று ஒரு போட்டி வைத்திருந்தார்கள். பாத்திரம் அடுக்கியதைப் படம் எடுத்து ஒருவன், பழைய துணியை ஒழித்த கதையை ஒருவன் என்று கொடுத்திருந்தார்கள். பிளான்ட் மேனேஜர் வனமாமலை, நாங்குநேரிப் பக்கத்துக்காரர், பரசுராமனின் கிராஃபைக் கையில் வைத்துக்கொண்டு மேஜையைத் தட்டினார்.

“ஏ பரசு, இதுல்லாய்யா சரக்கு! ஃபர்ஸ்ட் பிரைஸ் இதுக்குத்தான். அந்த போர்டை அப்படியே கழட்டிக் கொண்டாந்துரு. பிள்ளையையும் மேடையில ஏத்தி ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுவோம், என்ன?”

பரசுராமன் அன்று தரையில் நடக்கவில்லை.

ஃபேமிலி டே அன்று காலை சுபஸ்ரீ பாயை நனைத்திருந்தாள். நாலைந்து வாரத்தில் அவன் கண்ணில் பட்டது இதுதான் முதல் தடவை. வேறு நாளாக இருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. “இன்னிக்கின்னு பாத்தியா நீ?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் சிவப்பு வில்லையை டக்கென்று ஒட்டினான். பிள்ளை குளித்து, பட்டுப்பாவாடை கட்டி, இரட்டைச் சடையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, தானே போய்க் கட்டத்துக்குள் நின்றது. பத்து நிமிஷம். கை இரண்டையும் கட்டிக்கொண்டு.

தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சசிகலா சின்னவளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். பரசுராமன் ஸ்குரூவைக் கழற்றிப் போர்டை இறக்கினான். மேடையில் எல்லாரும் பார்க்கப்போகும் போர்டு. அதில் அன்றைய தேதியில் பளிச்சென்று ஒரு சிவப்பு. ஒரு நிமிஷம் யோசித்தான். பதினோரு வருஷத்தில் ஒரு ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவன், சிவப்பை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுப் பச்சையை ஒட்டினான்.

நிமிர்ந்தால் வாசற்படியில் சுபஸ்ரீ நின்றிருந்தாள்.

“அப்பா, இன்னிக்கி செவப்புப்பா.”

“சும்மா வா. வண்டி நிக்கிது.”

கம்பெனியில் அன்று மெஷின்கள் ஓடவில்லை. குடும்பங்களைப் பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, தலைக்குத் தொப்பி கொடுத்து, மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடக்கச் சொல்லி, உள்ளே சுற்றிக் காட்டினார்கள். பரசுராமன் தன் பகுதிக்கு வந்ததும் கைடு ஆகிவிட்டான். மேஜை, அளவுக் கருவி, விளக்கு என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுக் கோடியில் இருந்த இடத்துக்குக் கூட்டிப்போனான். தரையில் சிவப்புக் கட்டம். அதற்குள் சிவப்பு அட்டை கட்டிய டிரம்கள் அடுக்கியிருந்தன.

சுபஸ்ரீ கட்டத்தைப் பார்த்தாள். அப்பாவின் கையை இறுக்கிக்கொண்டாள்.

“இதெல்லாம் இன்னாப்பா?”

“இதெல்லாம் ரிஜெக்ட் பாப்பா. அப்பா கண்டுபிடிச்சது.”

“இத இன்னா பண்ணுவாங்க?”

“லாரி வரும். ஏத்தினு போயி, ஒடச்சி, உருக்கிடுவாங்க.”

“அப்புறம் திரும்பி வராதா?”

“வராது. வராம பாத்துக்கறதுதான் அப்பா வேல” என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

“லாரி இன்னிக்கி வருமா?”

“சாயங்காலம் வரும், வா வா.” ஞாயிற்றுக்கிழமை எந்த லாரியும் வராது. பிள்ளை கேட்கிற கேள்விக்கெல்லாம் யோசித்தா பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? அவன் மனம் அதற்குள் மேடைக்குப் போய்விட்டது.

கேன்டீன் முன்னால் பந்தல். ஒலிபெருக்கி, குழந்தைகள் டான்ஸ், பிரியாணி வாசனை. பரசுராமன் மேடையில் ஒரு நாற்காலிமேல் போர்டைச் சாய்த்து வைத்து, தூரத்திலிருந்து பார்த்து, இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். சசிகலா சின்னவளுக்குப் பால் கொடுக்கப் பெண்கள் அறைக்குப் போயிருந்தாள். பெரியவள் அப்பாவிடம் இருக்கிறாள் என்று அவள் நினைத்தாள். அம்மாவிடம் இருக்கிறாள் என்று இவன் நினைத்தான்.

“முதல் பரிசு, குவாலிட்டி பரசுராமன்! செல்வி சுபஸ்ரீயும் மேடைக்கு வரணும்” என்று வனமாமலை மைக்கில் அழைத்தார். கைதட்டல். சுபஸ்ரீ வரவில்லை. மறுபடி அழைத்தார். கைதட்டல் மெல்ல நின்றது.

அதற்கப்புறம் பரசுராமனுக்குக் கால் எங்கே பட்டது என்று தெரியாது. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. உலை இருக்கிறது. ஒரு ஃபோர்க்லிஃப்ட் சாவியோடு நின்றாலும் நிற்கும். கழிவறைகளைப் பார்த்தார்கள், பார்க்கிங்கைப் பார்த்தார்கள். சசிகலா கைக்குழந்தையோடு பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். கடைசியில் செக்யூரிட்டி ஒருவர் ஷெட்டுக்குள்ளிருந்து கையை ஆட்டினார். பரசுராமன் ஓடினான், வனமாமலையும், பின்னால் இருபது முப்பது பேரும் ஓடினார்கள்.

சிவப்புக் கட்டத்துக்குள், டிரம்களுக்குப் பக்கத்தில், பட்டுப்பாவாடையோடு சுபஸ்ரீ நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டையும் கட்டியிருந்தாள். மேஜைமேல் கிடந்த சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, கம்பியை வளைத்துக் கழுத்தில் மாட்டியிருந்தாள்.

“இங்க இன்னா பாப்பா பண்ற?” என்றான் பரசுராமன்.

“இன்னிக்கி செவப்புதானப்பா. நீதான் மறந்து பச்ச வெச்சிட்ட” என்றாள். அப்பாவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்கிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னாள். மெஷின் ஓடாத ஷெட்டின் அமைதியில் அது எல்லார் காதிலும் விழுந்தது. பிறகு அவனுக்குப் பின்னால் அம்மாவைத் தேடிக் கண்ணை ஓட்டினாள்.

“லாரி வர்றதுக்குள்ள அம்மாகிட்ட ஒரு தபா போய்ட்டு வரட்டாப்பா?”

தன்னிடம் வகுப்பு கேட்ட பையன்கள், அவர்கள் பெண்டாட்டிமார், பெற்றவர்கள், வனமாமலை, எல்லாரும் நின்றிருந்தார்கள். பரசுராமன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சட்டையை உருவிவிட்டு நடுத்தெருவில் நிறுத்தியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. மண்டியிட்டு அந்தக் கம்பியைக் கழற்றப் பார்த்தான். பதினோரு வருஷமாக ஆயிரக்கணக்கில் கட்டிய கம்பி. அன்று அவன் விரலுக்கு வசப்படவில்லை. சசிகலா வந்து, சின்னவளை அவன் கையில் திணித்துவிட்டு, கம்பியைக் கழற்றிப் பிள்ளையை அள்ளிக்கொண்டாள்.

வனமாமலை தோளைத் தொட்டார். “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ டே” என்றார். அவர் முகமும் நன்றாக இல்லை.

கம்பெனி காரிலேயே அனுப்பிவைத்தார்கள். வழியெல்லாம் சசிகலா பெரியவளை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் இரண்டையும் படுக்கவைத்துவிட்டு, ஈரப்பாயை எடுத்து வெயிலில் போடக் கொல்லைக்குப் போனாள். அடுப்படி வழியாகத் திரும்பி வரும்போது கையில் ஒரு துணிமூட்டை இருந்தது. அதை அவன் முன்னால் கொட்டினாள். பள்ளிக்கூடப் பாவாடை இரண்டு, ஜட்டி ஆறு. ஈரத்தோடு சுருட்டி, அரிசி டிரம்முக்குப் பின்னால் திணித்து வைத்து, காய்ந்து, வாடை அடித்துக் கிடந்தவை.

“உன் பச்சையெல்லாம் இதான். எண்ணிக்கோ” என்றாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் அவனை ‘நீ’ என்று சொன்னது அன்றைக்குத்தான். “வாடை அடிக்கிதே, எலி எதனா செத்துக்கீதோன்னு தேடிக்கினு இருந்தேன். எம் பொண்ணு மறச்சி வெச்சிக்கீறா. அதுவும் ஆறு வயசுல.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“இரும்புத் துண்டு வெடிச்சா அஞ்சு தபா ஏன் ஏன்னு கேப்பியாமே. ஊருக்கெல்லாம் அத சொல்லிக் குடுப்பியாமே. இவள ஒரு தபா கேட்டியாய்யா?”

கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெளியே தெரிகிற குறையைவிட மறைந்திருந்து தப்பிப்போகிற குறைதான் ஆளைக் கொல்லும் என்று தானே கம்பெனி வகுப்பில் எழுதிப் போட்டுப் பாடம் நடத்தியது நினைவுக்கு வந்தது. கிராஃபில் கீழே இறங்கிய அந்த அழகான கோடு, பிள்ளை தன்னிடமிருந்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போன கோடு என்று புரிந்தது. அதற்குப் பரிசு வாங்கப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறான்.

போர்டு அப்புறம் வீட்டுக்கு வரவில்லை. மேடையிலிருந்து யார் எடுத்தார்கள், எங்கே போட்டார்கள் என்று அவன் கேட்கவும் இல்லை. அன்றே தரை டேப்பை உரித்தான். உரித்த இடத்தில் பசை பிடித்துக்கொண்டு நான்கு பக்கமும் அழுக்குக் கோடு நின்றது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் முழுசாகப் போகவில்லை.

கம்பெனியில் யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. டீ நேரத்தில் அவன் போனால் பேச்சு ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கும். சிவப்பு அட்டை கட்டும் வேலையைப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொடுத்துவிட்டான். மூன்றாம் நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய், ஷெர்லின் மிஸ் முன்னால் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னான். பச்சையை மாற்றி வைத்ததையும் சொன்னான். அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

“தங்கச்சி வந்ததும் இப்படி ஆகறது நிறைய பிள்ளைங்களுக்கு உண்டு சார். அது தப்பு பண்றது இல்ல. எதையோ கேக்குது, கேக்கத் தெரியல” என்றாள் அவள். “போர்ட எடுத்துப்போட்ட உடனே எல்லாம் மாறிடாது. உங்ககிட்ட சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு அவளுக்கு நம்பிக்கை வரணும். கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பக்கத்துல இருங்க. வந்தப்புறம் திருத்தாதீங்க, அவ்ளோதான்.”

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாள். திருத்துவதையே தொழிலாக வைத்திருக்கிறவனுக்கு அது அவ்வளவு லேசா? அடுத்த பத்து நாளும் அவன் வேலைவிட்டு வரும்போது தெருமுனையைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தால் சுபஸ்ரீ எழுந்து, போர்டு இருந்த வெற்றுச் சுவரைப் பார்ப்பாள். அங்கே நான்கு ஸ்குரூ ஓட்டைகள் இருந்தன. “பள்ளிக்கூடத்துல இன்னா நடந்துது பாப்பா?” என்று கேட்பான். “ஒண்ணும் இல்லப்பா” என்பாள். பாய் நனைந்திருக்கிறதா என்று பார்க்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தான். நனைந்த துணிகள் இப்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் இல்லை. எங்கே என்று தேடுவதில்லை என்று சசிகலாவும் அவனும் முடிவு செய்திருந்தார்கள்.

பதினோராவது நாள், முதல் ஷிஃப்ட் முடிந்து நாலு மணிக்கு வந்தான். சசிகலா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சின்னவள் வீலென்று கத்தினாள். உள்ளே எட்டு வைத்தான். தொட்டிலுக்குப் பக்கத்திலிருந்து சுபஸ்ரீ விலகி, நேரே சுவரோரம் நடந்து, பசைக்கோடு தெரிந்த அந்தச் சதுரத்துக்குள் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போர்டு இல்லை, டேப் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை.

‘ஏண்டி’ என்ற வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினான். கொல்லையிலிருந்து சசிகலா வந்து சின்னவளைத் தூக்கினாள், அவனைப் பார்த்தாள், குழந்தையோடு வாசலுக்குப் போய்விட்டாள். அவன் கம்பெனி யூனிஃபார்மோடு, கை கால்கூடக் கழுவாமல், அந்தச் சதுரத்துக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“பாப்பா, ஏன் கிள்ன?”

அதட்டலாக வந்துவிடக்கூடாதே என்று பயந்து பயந்துதான் கேட்டான். அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு கம்பெனி பஸ் போனது. அப்புறம் இன்னொன்று போனது. அவன் எழுந்திருக்கவில்லை.

“அவ அழுவறதுக்கு” என்றாள்.

தங்கச்சி பாவமில்லையா என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை.

“அவ ஏன் அழுவணும்?”

“அவ அழுதா நீ வந்து தூக்குவ.”

செருப்புச் சத்தம் கேட்டிருக்கிறது அவளுக்கு. அவன் வாசலில் இருப்பது தெரிந்துதான் கிள்ளியிருக்கிறாள். இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் பயமாக இருந்தது.

“உன்ன தூக்கணும்னா நீ அழுவலாமே பாப்பா. நீ ஏன் அழுவல?”

இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“நா அழுதா செவப்புப்பா.”

நாலாவது ‘ஏன்’ பரசுராமனிடம் இல்லை. அந்தப் போர்டு அவன் கையால் கோடு போட்டு, அவன் கையால் எழுதி, அவனே சுவரில் மாட்டியது. ஆணிவேர் வேறு எங்கும் இல்லை, சட்டையில் பெயர் குத்திக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறது. கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு கையையும் நீட்டினான்.

அவள் உடனே வரவில்லை. முதலில் அண்ணாந்து அந்த நான்கு ஓட்டைகளையும் பார்த்தாள். பிறகு கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தாள், நின்றாள், மறுகாலையும் வைத்தாள். அவன் தூக்கினான். ஒல்லிப் பிள்ளைதான். ஆனால் அவன் கை நினைத்திருந்ததைவிடக் கனம் கூடியிருந்தாள். எப்போது கூடினாள் என்று அவனுக்குத் தெரியாது. தோளில் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு இருந்தாள்.

“அப்பா.”

“சொல்லு பாப்பா.”

“அழுவட்டா?”

பெற்ற அப்பனிடம் பிள்ளை அழுவதற்கு அனுமதி கேட்கிறது. ஷெட்டில் அத்தனை பேருக்கு முன்னால் பட்ட அவமானம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“அழு பாப்பா” என்றான். “எவ்ளோ நேரம் வேணுமோ அழு. அப்பா எறக்க மாட்டேன்.”

அவள் அழுதாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு சின்னக் குழந்தைபோல வாயைத் திறந்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி அழுதாள். அவன் யூனிஃபார்மின் தோள் நனைந்தது. இருட்டுகிற வரைக்கும் அவன் கூடத்தில் மேலும் கீழுமாக நடந்துகொண்டே இருந்தான்.